கினி பிக்குக்கு விடாத சீக்கு: டாக்டரம்மா பதில்கள்

போன இதழில் முயலைப் பற்றி எழுதும்போது போகிற போக்கில் கினி பிக் (முயலைவிடச் சின்னதாக, வாலில்லாமல் இருக்குமே, அந்தக் கொறிக்கும் பிராணி) என்று ஒரு வரி எழுதிவிட்டேன். காங்கயம் மாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியபோது வராத கடிதமெல்லாம் அந்த ஒரு வரிக்கு வந்துவிட்டது. எழுதியவர்களில் பாதிப்பேர் காசு கொடுத்து வாங்கியவர்கள் இல்லை. பிறந்தநாளுக்கு வாங்கி, பரீட்சை வந்ததும் சலித்துப்போய் யாரோ விட்டதை எடுத்தவர்கள். கடையை மூடும்போது மிஞ்சியதைத் தூக்கி வந்தவர்கள். அப்படி வருவது சும்மா வராது, ஒரு சீக்கையும் கூட்டிக்கொண்டுதான் வரும். நாமக்கல்லில் நான் படித்த காலத்தில் இதை ஆய்வகக் கூண்டில் பார்த்ததோடு சரி. அரசு மருந்தகத்தில் இருந்த வருஷங்களில் மாடு, எருமை, ஆடுதான். இப்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோடு வந்து நிற்கிறார். இந்த முறை எல்லாக் கேள்வியும் அதைப் பற்றியே.

பெருந்துறை வாசகி:

டாக்டரம்மா, எங்கள் தெருவில் மூடிப்போன பெட் ஷாப்பில் விட்டுப்போன இரண்டு கினி பிக்கை எடுத்து வந்தோம். ஒன்றுக்கு முதுகெல்லாம் சொறி. ஊசி போட்டோம், இரண்டு வாரம் தேவலையாக இருந்து மறுபடியும் வந்துவிட்டது. தொட்டாலே கத்துகிறது. முந்தாநாள் கைகால் இழுத்துக்கொண்டது. எடை 600 கிராம். முயல் தீவனமும் கம்பும் நன்றாகத்தான் சாப்பிடுகிறது. வேப்பெண்ணெய் தடவலாமா?

பதில்: அம்மிணி, முதலில் அந்த இழுப்பைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு சொறியோடு இழுப்பு வந்தால் பெரும்பாலும் அது தனி வலிப்பு நோய் இல்லை. ட்ரிக்சகாரஸ் கேவியே என்று ஒரு சொறிப்பூச்சி, கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குள் வளை பறித்துக் குடியிருக்கும். அரிப்பு தாங்காத நிலையில் தொட்டாலோ, தானே சொறிய ஆரம்பித்தாலோ உடம்பு விறைத்து இழுக்கும். அப்போது அமுக்கிப் பிடிக்காதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், இரும்புச் சாவியும் தேட வேண்டாம். இருட்டான பெட்டியில் துணி விரித்து விட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அரிப்பும் வலியும் குறைய மருந்து இருக்கிறது.

சமீபத்தில் இப்படி ஒன்றை மடியில் வைத்துப் பார்த்தேன். முதுகில் விரல் பட்டதும் பின்னங்கால் தானாகவே காற்றில் சொறிய ஆரம்பித்துவிட்டது. தோள்பட்டைத் தோல் மடிப்பு மடிப்பாகத் தடித்து, மடிப்புக்குள் மஞ்சள் பொருக்கு. பின்னங்கால் நகத்தைத் திருப்பிப் பார்த்தால் காய்ந்த ரத்தம். அந்த நகத்தை வெட்டிவிட்டதே பாதி வைத்தியம், ஏனென்றால் புண்ணைப் பெரிதாக்கியது பூச்சி அல்ல, அந்த நகம்தான்.

ஊசி போட்டும் ஏன் திரும்பி வந்தது? ஐவர்மெக்டின் போட்டிருப்பார்கள். அது பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை பொரிந்து வரும் குஞ்சுக்கு அடுத்த தவணை வேண்டும். ஒன்று முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று தவணையாவது போட வேண்டியிருக்கும். ஒரு ஊசியில் முடி முளைத்ததும் "சரியாயிருச்சுங்க" என்று நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது காரணம், சொறி இருப்பதற்கு மட்டும் போட்டிருப்பீர்கள். கூடவே இருக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டுக்கா போட வேண்டும். ஒவ்வொரு தவணையன்றும் விரிப்பை மாற்றி, கூண்டைச் சுடுதண்ணீரில் கழுவி வெயிலில் காய வையுங்கள். வெயிலுக்கு நம் பக்கம் பஞ்சமா என்ன. உங்கள் கையிலும் சிவந்த பொரிகள் வரலாம், பூச்சி ஒழிந்தால் தானாக அடங்கிவிடும்.

மாட்டுக்கு வைத்திருக்கும் ஐவர்மெக்டின் மருந்தை வீட்டிலேயே போட்டுவிடலாமா என்று வேறு சிலர் கேட்டிருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். மாட்டு மருந்தில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. கினி பிக்குக்குக் கிலோவுக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரைதான். 600 கிராம் உடம்புக்கு ஒரு முழுச் சொட்டுகூடத் தேறாது. அதை வீட்டு சிரிஞ்சில் யாராலும் அளக்க முடியாது. மருத்துவர் நீர்த்துத்தான் போடுவார்.

இப்போது உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட வரிக்கு வருகிறேன்: "முயல் தீவனமும் கம்பும்". முயல் தன் உடம்பிலேயே வைட்டமின் சி செய்துகொள்ளும், அதனால் அதன் தீவனத்தில் அதைச் சேர்ப்பதில்லை. கினி பிக்கால் செய்ய முடியாது, நம்மைப் போலவே. 1907-ல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இரண்டு பேர் கப்பல்காரர்களுக்கு வரும் பெரிபெரி நோயை ஆராய்வதற்காக இதற்கு வெறும் தானியமாகப் போட்டார்கள். பெரிபெரி வரவில்லை, வைட்டமின் சி இல்லாவிட்டால் வரும் ஸ்கர்வி வந்தது. வைட்டமின் சி கண்டுபிடிப்புக்கு வழி திறந்ததே அந்தக் கூண்டில்தான். நீங்கள் கம்பு போட்டு அதே சோதனையைப் பெருந்துறையில் செய்துகொண்டிருக்கிறீர்கள். வைட்டமின் சி இல்லாத உடம்பில் தோல் ஒன்றுசேராது, புண் ஆறாது, எதிர்ப்புச் சக்தி நிற்காது. பூச்சி திரும்பத் திரும்ப ஏறும். தொட்டால் கத்துவது அரிப்பாலும் இருக்கலாம், முழங்கால் மூட்டு வீங்கி வலிப்பதாலும் இருக்கலாம். மூட்டைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

நல்ல உடம்புக்குக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம், சீக்கு வந்ததற்கு 30 முதல் 50 வரை. உங்களுடையதற்கு 20, 30 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயக்குடிக் கொய்யாவில் விரல் அளவு ஒரு கீற்று போதும், அது கிடைத்துவிடும். கூட ஒரு துண்டு குடைமிளகாய், ஒரு பிடி கொத்தமல்லித் தழை. நெல்லிக்காயில் இன்னும் அதிகம், ஆனால் துவர்ப்புக்குப் பல கினி பிக் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சீக்கு தீரும்வரை குழந்தைகளுக்கான வைட்டமின் சி சொட்டு மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் வாயில் விடலாம். எல்லா வைட்டமினும் கலந்த சொட்டு வேண்டாம். தண்ணீர்ப் புட்டியில் கலப்பதும் வேலைக்காகாது. வெளிச்சம் பட்டால் சீக்கிரமே வீரியம் போய்விடும், சுவை மாறினால் அது தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும்.

வேப்பெண்ணெய் வேண்டாம். புண்ணில் எண்ணெய் அப்பினால் நாள் முழுக்க நக்கிக்கொண்டே இருக்கும், வயிற்றுக்குள் போகும்.

ஈரோடு கல்லூரி மாணவி:

விடுதிப் பக்கத்தில் கிடைத்த கினி பிக். தும்மல், மூக்கில் சளி. என் அண்ணன் மகனுக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப்பை இரண்டு வேளை கொடுத்தேன் மேடம். எத்தனை நாள் தொடரலாம்?

பதில்: கண்ணு, இந்த இதழ் கைக்கு வரும்வரை நீ காத்திருக்கக் கூடாது என்று உனக்குத் தனியாகவே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். உடனே நிறுத்து. பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், எரித்ரோமைசின், கிளிண்டாமைசின், லிங்கோமைசின், இவை எதுவும் கினி பிக் வாயில் போகக் கூடாது. புல்லைச் செரிக்க அதன் குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவை இவை அழித்துவிடும். அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் பெருகி விஷம் கக்கும். சளியில் பிழைக்கவேண்டியது சில நாளிலேயே கழிச்சலில் செத்துப்போகும். நாய்க்கும் பூனைக்கும் பார்க்கிற மருத்துவரிடம் போனாலும், "பென்சிலின் வகை இதற்கு ஆகாதுங்களே" என்று ஒரு வார்த்தை நினைவூட்டு. நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். என்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின், சல்ஃபா-டிரைமெத்தோபிரிம், இவற்றில் ஒன்றைத்தான் எழுதுவார். எத்தனை நாளைக்கு எழுதினாரோ அத்தனை நாளும் கொடு. தும்மல் நின்றதும் நீயும் நிறுத்தினால் இரண்டாம் முறை வரும்போது நுரையீரலில் இறங்கியிருக்கும்.

தும்மல் விடாமல் இருந்தால் மருந்தை மாற்றச் சொல்வதற்கு முன் சுற்றுமுற்றும் பார். பக்கத்தில் முயல் இருக்கிறதா? பார்டெட்டெல்லா என்ற கிருமியை முயலும் நாயும் எந்தச் சீக்கும் இல்லாமல் சுமந்து திரியும், இதற்கு மட்டும் நிமோனியா வரவைக்கும். கூண்டில் தென்னை நார்க்கழிவு பரப்பியிருக்கிறாயா? அந்தத் தூசியே போதும்.

தாராபுரம் வாசகர்:

வணக்கங்க டாக்டரம்மா. மகள் ஒரு கினி பிக்கை எடுத்து வளர்க்கிறாள். ஆறு மாதமாக வாயில் எச்சில் ஒழுகுது, தாடை எப்போதும் ஈரம். தீனியைப் பார்த்து ஓடி வருது, வாயில் எடுத்துக் கீழே போடுது. முன்பல் நீளமாக இருந்ததால் நகவெட்டியில் வெட்டிவிட்டோம். மூன்று வாரத்தில் மறுபடி அதே கதை.

பதில்: பசி இருக்கிறது, தின்ன முடியவில்லை. உங்கள் கடிதத்திலேயே நோய் இருக்கிறதுங்க. முன்பல் நீண்டது விளைவு, காரணம் உள்ளே கடைவாயில். கினி பிக்குக்கு எல்லாப் பல்லும் ஆயுள் முழுக்க வளரும். மென்று மென்று தேய வேண்டும். தேயாவிட்டால் கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்து நாக்கின் மேல் பாலம் போலக் கூடிவிடும். நாக்கை அசைக்க முடியாது, விழுங்க முடியாது, எச்சில் வெளியே வழியும். வாய் குறுகல், கன்னச் சதை உள்ளே மடிந்து மறைக்கும். சும்மா திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மயக்கம் கொடுத்து, விளக்கு வைத்துப் பார்த்து, கடைவாயை ராவிவிட வேண்டும். வேர் மேலே கீழே நீண்டிருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் தேவைப்படும். நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கினி பிக் பார்ப்பவர் எந்த நாளில் இருப்பார் என்று போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். நகவெட்டியைத் தயவுசெய்து ஒளித்து வையுங்கள், அதில் வெட்டினால் பல் வேர்வரை விரியும்.

ஒருமுறை ராவினால் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முற்றிய கேஸில் ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை திரும்பவும் ராவ வேண்டியிருக்கும், சிலதற்கு ஆயுள் முழுக்க. அந்த இடைவெளியை நீட்டிக்கொடுப்பது புல்தான். தீவனக் குச்சி எவ்வளவு கடினமாக இருந்தாலும் பல்லைத் தேய்க்காது, நாலு கடியில் பொடியாகிவிடும். நீளப் புல்லைப் பக்கவாட்டில் அரைக்கும்போதுதான் கடைவாய் தேயும்.

அதற்கு நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். சீமையிலிருந்து வரும் புல்லைப் பாக்கெட் போட்டு ஆன்லைனில் என்ன விலைக்கு விற்கிறார்கள் தெரியுமா? உங்கள் ஊர்க் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலிக்கு உள்ளே நிற்கிறதே கொழுக்கட்டைப் புல், காங்கயம் மாட்டை வளர்த்த புல், அது போதும். கதிர் முற்றுவதற்கு முன் அறுத்து, நிழலில் உலர்த்தி, பூஞ்சை பிடிக்காமல் சாக்கில் கட்டி வையுங்கள். மருந்து அடிக்காத இடத்து அருகம்புல்லைப் பச்சையாகவே கொடுக்கலாம். வைக்கோலில் சத்து இல்லை, விரிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். இளஞ்சோளப் பயிர் கூடவே கூடாது, மாட்டையே சாய்க்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா.

பல் சரியாகும்வரை கையால் ஊட்டித்தான் ஆக வேண்டும். தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில், வாயின் பக்கவாட்டிலிருந்து ஒரு மில்லி ஒரு மில்லியாக விடுங்கள். மென்று விழுங்கியபின் அடுத்தது. நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். நாள் முழுக்கச் சேர்த்து கிலோவுக்கு 50 முதல் 80 மில்லி, ராத்திரியிலும் ஒருமுறை. மகளை ஒரு சமையலறைத் தராசு வாங்கச் சொல்லி, தினமும் ஒரே நேரத்தில் எடை குறிக்கச் சொல்லுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே அவசரம். தீனியே தொடாமல் அரை நாள் போனால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். குடல் ஓட்டம் நின்றுவிட்டால் திரும்ப ஓட வைப்பது பெரும்பாடு.

திருப்பூர் வாசகர்:

உள்ளங்காலில் கொப்புளம் மாதிரி வந்து கருப்புப் பொருக்காகிவிட்டது. மஞ்சள் அரைத்துப் பூசுகிறோம். கம்பிக் கூண்டில் குத்தும் என்று பனியன் வேஸ்ட் போட்டிருக்கிறோம். மூன்று மாதமாக ஆறவில்லை.

பதில்: கம்பித் தரையில் நின்ற கால், வெளியே எடுத்த பிறகும் அதன் கணக்கைத் தீர்த்துக்கொண்டுதான் போகும். கொப்புளம் உடைந்து ஸ்டஃபைலோகாக்கஸ் உள்ளே போனால் எலும்புவரை இறங்கும். மாதக்கணக்கில் ஆகும் என்பதை ஒத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். எலும்பு பாதித்திருக்கிறதா என்று ஒரு எக்ஸ்ரே, வலிக்கு மருந்து, கிருமிக்கு மருந்து, இவை மருத்துவர் வேலை. மஞ்சள் பற்று காய்ந்து ஓடாகி அழுக்கை உள்ளே மூடுகிறது, நிறுத்திவிடுங்கள். நீர்த்த போவிடோன் அயோடினில் துடைத்து உலர வைத்தால் போதும். மேலே பொருக்கைப் பிய்க்காதீர்கள்.

பனியன் வேஸ்ட்: உங்கள் ஊரில் சும்மா கிடைக்கிறது, மெத்தென்றுதான் இருக்கிறது, ஆனால் வெட்டுத்துண்டின் ஓரத்தில் தொங்கும் நூலைப் பாருங்கள். என்னிடம் வந்த ஒன்றின் நடுவிரல் நீலமாக வீங்கியிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் சதைக்குள் புதைந்து ஒரு வெள்ளை நூல், மூன்று சுற்று. வேஸ்ட்டை எடுத்துவிட்டு, ஓரம் மடித்துத் தைத்த பழைய துண்டை இரண்டு மடிப்பாகப் போட்டு, ஈரமானதும் மாற்றுங்கள். இன்னொன்று, குண்டாக இருந்தால் எடையும் குறைய வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே வைத்திருந்தால் இடத்தையும் மாற்றுங்கள். 28 டிகிரிக்கு மேல் போனாலே இதற்குத் திணறல், நம் பக்கம் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம்.

கோவை வாசகி:

மூக்கைச் சுற்றி முடி கொட்டி வட்டமாகப் பொருக்கு. இப்போது என் பையன் முழங்கையிலும் வட்டமாக வந்திருக்கிறது. மெடிக்கலில் கொடுத்த களிம்பை இருவருக்கும் போடுகிறேன். அமுங்குது, மறுபடி வருது.

பதில்: படர்தாமரைங்க. மூக்கிலும் காதிலும் ஆரம்பிப்பது அதன் வழக்கம், கையில் தூக்கிக் கொஞ்சும் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்வதும் வழக்கம். களிம்பின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பை அமுக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்த்துவிடும். அமுங்கித் திரும்ப வருவதற்கு அதுதான் காரணமாக இருக்கும். பையனைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், வீட்டில் கினி பிக் இருப்பதையும் சொல்லுங்கள். கினி பிக்குக்கு டெர்பினாஃபின் அல்லது இட்ரகோனசோல் வாய்வழியாக வாரக்கணக்கில் தேவைப்படும். முடி முளைத்த பிறகும் மருத்துவர் சொல்லும்வரை தொடருங்கள். உதிர்ந்த முடியில் பூஞ்சை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கூண்டுப் பக்கம் கூட்டி அள்ளுங்கள், விரிப்பைக் கொதிநீரில் போடுங்கள். முடியும்வரை கையுறை இல்லாமல் யாரும் தூக்க வேண்டாம்.

பொள்ளாச்சி வாசகர்:

சிறுநீர் போகும்போது கீச்சென்று கத்துகிறது, ரத்தமும் வருகிறது. மருந்து கொடுத்தால் நிற்கிறது, மறுபடி. சத்துக்காகத் தினமும் முருங்கைக்கீரை, அகத்தி, குதிரைமசால் கொடுக்கிறேன்.

பதில்: மூன்றுமே சுண்ணாம்புச் சத்து மிகுந்தவை. கறவை மாட்டுக்கு நல்லது, இதற்கு மூத்திரப்பையில் கல். இதன் கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும், மருந்தில் கரையாது. பெரிய கல்லை அறுவை செய்துதான் எடுக்க வேண்டும். வெறும் கிருமி மருந்தாக மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தால் கடைசியில் அடைத்துக்கொள்ளும். பெண்ணாக இருந்தால் ரத்தம் கருப்பையிலிருந்தும் வரலாம், அதையும் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். கீரையை வாரம் ஒருநாள் ஒரு இணுக்கோடு நிறுத்தி, புல்லும் தண்ணீரும் தாராளமாகக் கொடுங்கள்.

நாமக்கல் வாசகர்:

வாங்கிய விலையைவிடப் பத்து மடங்கு வைத்தியத்துக்குச் செலவழிக்கச் சொல்கிறீர்களே, இது நியாயமா?

பதில்: கோழிப்பண்ணைக் கணக்கில் நியாயமில்லைதான். ஆனால் எனக்கு எழுதுகிறவர்களில் பாதிப்பேர் இதை வாங்கவே இல்லையே. முதல் ரூபாயைக் கொய்யாவுக்கும் புல்லுக்கும் தராசுக்கும் போடுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன், அதில் பாதி மருந்துச் செலவு அடங்கிவிடும். பல் வேர் கண்வரை ஏறியது, எலும்பு அழுகியது போன்ற நிலையில், இனி வலி மட்டும்தான் மிச்சம் என்று மருத்துவர் சொன்னால் வலியில்லாமல் முடித்துவைக்கக் கேட்பதிலும் தப்பில்லை. அப்படிக் கேட்ட ஒரு ஆயாவைப் பக்கத்தில் இருந்தவர்கள் ஏசினார்கள். எனக்கு அந்த ஆயா சொன்னதுதான் சரி என்று பட்டது.

கோபிசெட்டிபாளையம் வாசகி:

எடுத்து வந்த ஜோடியில் பெண்ணுக்கு வயிறு இரண்டு பக்கமும் புடைத்து வருகிறது. இரண்டுக்கும் சொறியும் இருக்கிறது. ஊசி போடலாமா அக்கா?

பதில்: சினையாகத்தான் இருக்கும். கடையிலிருந்து வரும் பெண்களில் பல அப்படித்தான் வரும். சினை 59 முதல் 72 நாள். சினை என்று சொல்லாமல் எந்த ஊசியும் போட்டுக்கொள்ளாதே, எதைப் போடலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார். அடிக்கடி தூக்காதே. கொய்யாக் கீற்றை ஒன்றுக்கு இரண்டாகக் கொடு. ஏழெட்டு மாதம் ஆன பிறகு முதல் சினை என்றால் இடுப்பெலும்பு சேர்ந்துபோயிருக்கலாம், குட்டி வெளியே வரச் சிரமப்படும். அரை மணி நேரம் முக்கியும் குட்டி வரவில்லை என்றால் ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான், யாரிடம் என்பதை இப்போதே விசாரித்து வைத்துக்கொள். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே அது மறுபடி சினை பிடித்துவிடும். அதனால் ஆணுக்கு இன்றைக்கே தனிப் பெட்டி. பிறக்கும் ஆண் குட்டிகளையும் மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரித்து அப்பனோடு விட்டுவிடு, சொறி ஊசி அப்பனுக்கு முழுதாக முடிந்த பிறகு.